பிறர் பாட்டை முடித்துக் கொடுத்தவர்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், சங்கராபரணி ஆற்றங்கரையை ஒட்டி அமைந்த திருத்தலம் வில்லியனூர். கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீசுவரர் இங்கே எழுந்தருளி அருள்பாலிக்கிறார். சோழர் காலத்துத் திருப்பணியும், பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் தொட்ட தேர்த்திருவிழாவும் இத்தலத்தின் பெருமைகள். அந்த மரபை ஒட்டி, இன்றும் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் வந்து தேர்வடம் பிடிப்பதைக் காணலாம்.

ஆனால் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் வில்லியனூர் என்றவுடன் முதலில் நினைப்பது தேரை அன்று. ஒரு சிறிய நந்தியை. பிரசவ நந்தி என்று அதற்குப் பெயர். வீட்டில் கருவுற்ற பெண்ணுக்குப் பேறு தள்ளிப்போகிறது, எல்லாரும் கலங்கி நிற்கிறார்கள் என்றால், உறவினர் கோயிலுக்கு ஓடி வருவர். கோகிலாம்பிகையை வேண்டிக்கொண்டு அந்த நந்தியைத் திசை திருப்பி வைப்பர். தாயும் சேயும் நலம் என்ற செய்தி வந்தபின் நந்தியைப் பழையபடி வைத்து, அம்பிகைக்கு நன்றி செலுத்திச் செல்வர்.

இந்த வழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வலியில் கிடப்பவள் ஒருத்தி. நந்தியைத் திருப்புகிற கை வேறொருவருடையது. தாயோ, மாமியாரோ, உடன்பிறந்தவளோ வந்து தொட்டால்தான் ஆகும். பேறு அவளுடையதே, வழி திறப்பதற்கு மட்டும் இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

நூல் எழுதுவதையும் பாட்டுக் கட்டுவதையும் நம் முன்னோர் பிள்ளைப் பேற்றோடு ஒப்பிட்டது வெறும் அழகுக்காக அன்று. பாட்டு உள்ளே நிறைந்திருக்கும், வெளியே வராது. சேக்கிழார் பெருமான் தில்லைக்கு வந்து, அடியார் வரலாற்றுக்கு முதற்சொல் வேண்டிக் கூத்தப்பெருமான் திருமுன் நின்றதை நாம் அறிவோம். அருணகிரிநாதர் முதற்பாடல் பாடியபின் வாய் மூடியிருந்து, வயலூரில் மீண்டும் திறந்ததாக மரபு கூறும். இவையெல்லாம் இறைவன் நேரே அடி எடுத்துக் கொடுத்த கதைகள். கேட்கும்போது மெய் சிலிர்க்கும். ஆயினும், எழுத உட்கார்ந்து எழுத முடியாமல் எழுந்துவிடுகிற எளிய மனிதருக்கு அவை எட்டாத உயரத்தில் இருக்கின்றன. பஜனைக்குப் பாட்டுக் கட்டுகிறவர், தல வரலாற்றை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டவர், கோலத்துக்குப் புதுப் புள்ளி அமையாமல் மாவுக் கிண்ணத்தோடு வாசலில் நிற்பவர் ஆகிய இவர்களுக்கு இன்னொரு வழியும் நம் மரபிலே காட்டப்பட்டிருக்கிறது. இறைவன் சில வேளைகளில் முதற்சொல்லை நம் கையில் தருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவைக்கிறான்; அவருடைய வேலைக்குக் கைகொடுக்கப் போனால்தான் அது நமக்குக் கிடைக்கும்.

இதற்கு நல்ல சான்று, புதுச்சேரிக்குப் பொன் வாங்கப் புறப்பட்ட ஒரு வணிகரின் வரலாறு.

காசுக்கடைக்காரர்

அருணாசலக் கவிராயர் என்றால் இராம நாடகக் கீர்த்தனை நினைவுக்கு வரும். தமிழிசை மூவருள் ஒருவராக, முத்துத்தாண்டவரோடும் மாரிமுத்தாப் பிள்ளையோடும் சேர்த்துப் போற்றப்படுபவர். ஆனால் அவர் வாழ்நாளில் பெரும்பகுதி அந்தப் புகழ் இல்லாமலே கழிந்தது என்பதைப் பலர் கருதுவதில்லை.

1711-இல் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் பெற்றோரை இழந்தார். தருமபுரம் ஆதீனத்தை அடைந்து தமிழும் வடமொழியும் சைவ நூல்களும் கற்றார். கல்வியில் அவருக்கிருந்த தேர்ச்சியைக் கண்டவர்கள், துறவு பூண்டு மடத்திலேயே இருக்கலாமே என்று விரும்பினர். அவருக்கு அதில் நாட்டம் இல்லை. ஊர் திரும்பினார், முப்பது வயதளவில் இல்லறம் ஏற்றார், பிழைப்புக்காகக் காசுக்கடை வைத்தார். நாணயமும் பொன்னும் மாற்றித் தருகிற கடை அது. கடையில் உட்கார்ந்தபடியே கம்பனையும் குறளையும் படிப்பார். படித்த படிப்பு இருந்தது. பாடும் திறம் இருந்தது. அவற்றைப் பயன்படுத்தும் பெரிய வேலை ஒன்றுதான் வந்து சேரவில்லை. தராசுத் தட்டில் பொன்னும் மடியில் ஏடுமாக ஆண்டுகள் ஓடின.

பொன் வாணிகத்துக்காக அவர் புதுச்சேரிக்குப் போவதுண்டு. அக்காலப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் துறைமுகப் பட்டினம். பல நாட்டு நாணயங்கள் புழங்கிய இடம். தில்லையாடியிலிருந்து வடக்கே வந்தால் சீர்காழி; பின் கொள்ளிடம் கடந்து சிதம்பரம், கடலூர், பெண்ணையாறு. அதற்கப்பால் பாகூர்ச் சீமையின் நெல்வயல்கள் தொடங்கிவிடும். இன்று அந்தப் பக்கமாகப் பேருந்தில் போகிறவர்கள் கன்னியக்கோயிலையும் கிருமாம்பாக்கத்தையும் கடந்து நகரத்துக்குள் நுழைகிறார்கள். அன்று நடையும் வண்டியுமாகப் பல நாள் வழி. வழியில் மடங்களில் தங்குவது வழக்கம்.

அப்படி ஒரு பயணத்தில் சீர்காழியில் தங்கினார் கவிராயர். அங்கே தருமபுரம் ஆதீனத்தின் கட்டளைப் பொறுப்பைக் கவனித்து வந்தவர் சிதம்பரம் பிள்ளை. அவர் சீர்காழித் தலத்தின்மேல் ஒரு பள்ளுப் பாடத் தொடங்கியிருந்தார். தொடங்கியது தொடங்கியபடியே நின்றது.

பள்ளு என்பது வயலைப் பாடும் சிற்றிலக்கியம். பண்ணையில் உழைக்கும் பள்ளன், அவனுடைய மூத்த மனைவி, இளைய மனைவி, பண்ணைக்காரன் ஆகியோர் அதன் மாந்தர். மழைக்குறி பார்ப்பார்கள், ஆற்றில் வெள்ளம் வரும், நெல்வகைகளின் பெயர், மாட்டுவகைகளின் பெயர், ஏர்க்கருவிகளின் பெயர் எல்லாம் வரிசையாக வரும். மூத்தவளும் இளையவளும் வாய்ச்சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்குள்ளேயே தெய்வத்தின் புகழும் வந்துவிடும். நாற்று நட்டு, விளைந்து, அறுத்து, அளந்து முடிய வேண்டும். கற்றவர்க்கு இது எளிதான வேலையன்று. ஏட்டில் படித்த தமிழ் மட்டும் போதாது. களத்துமேட்டுப் பேச்சும் காதில் இருக்கவேண்டும். நடவு முடிந்து அறுவடை வராத வயல்போலப் பல பள்ளுகள் நின்றுபோயிருக்கக் கூடும்.

தலத்து இறைவனுக்கு என்று எண்ணித் தொடங்கிய நூல் பாதியில் நிற்பது, நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்தாமல் வைத்திருப்பதற்கு ஒப்பு. சிதம்பரம் பிள்ளையின் மனக்குறை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வந்து தங்கியவர் தமிழ் வல்லவர் என்று அறிந்ததும் தம் குறையைச் சொன்னார்; முடித்துத் தர வேண்டினார்.

இந்த இடத்தில் கவிராயர் முன் இருந்த கணக்கை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அவர் போய்க்கொண்டிருந்தது வியாபாரத்துக்கு. கடையும் குடும்பமும் அவருடைய வரவை எதிர்பார்த்திருந்தன. வழியில் நாள் கழிவது வணிகனுக்கு நட்டம். அதற்குமேல், முடித்துக் கொடுக்கப்போவது இன்னொருவர் தொடங்கிய நூல். தமக்கென்று ஒரு பெருநூல் இன்னும் அமையாத ஒருவர், பிறர் நூலுக்கு மெருகு போட உட்காருவதா? இப்படி நினைத்திருந்தால் நினைத்ததில் குற்றம் சொல்ல முடியாது. அவர் நினைக்கவில்லை. தங்கினார், பள்ளை முடித்துக் கொடுத்தார்.

சிதம்பரம் பிள்ளைக்கு அவரை விட மனம் வரவில்லை. சீர்காழியிலேயே இருக்கவேண்டும் என்று வற்புறுத்தி, வீடு அமைத்துக் கொடுத்து, குடும்பத்தையும் அழைத்து வந்து குடியேற்றினார் என்று வரலாறு கூறுகிறது. தில்லையாடிக் காசுக்கடைக்காரர் சீர்காழிக் கவிராயர் ஆனது இவ்வாறு. அதன்பின் சீர்காழித் தலபுராணம், சீர்காழிக் கோவை, அசோமுகி நாடகம், அனுமார் பிள்ளைத்தமிழ் என்று நூல்கள் வந்தன. இராம நாடகம் அப்போதும் வரவில்லை. அதற்கும் வேறு இருவர் வந்து கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அதைப் பின்னர் காண்போம்.

ஒருவேளைச் சோறு

பாகூருக்குத் தெற்கே, கடலூரைத் தாண்டி, வடலூருக்கு அருகில் கருங்குழி என்னும் சிற்றூர். அருட்பிரகாச வள்ளலார் சென்னையை விட்டு வந்து பல ஆண்டுகள் தங்கிய ஊர். தாம் பாடிய பாடல்களை நூலாக அச்சிடுவதில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. அன்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். அவர் ஏடுகளைத் தரவில்லை.

இங்கே அடைபட்டிருந்தது பாட்டின் ஊற்று அன்று. அது வற்றாமல் சுரந்துகொண்டுதான் இருந்தது. உலகத்துக்கு வரும் வாசல்தான் அடைபட்டிருந்தது. எத்தனை வேண்டுகோளுக்கும் அது திறக்கவில்லை. சென்னையில் இருந்த அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளைதான் உண்பது என்று உறுதி எடுத்துக்கொண்டார். செய்தி கருங்குழிக்கு எட்டியது. 1860-ஆம் ஆண்டின் இறுதியில் வள்ளலார் அவருக்குக் கடிதம் எழுதினார்: ஒருவேளை உணவு என்பதைக் கேட்டு மனம் பொறுக்கவில்லை, அதை விட்டுவிட வேண்டும், பாடல்களை அனுப்பிவைக்கிறேன் என்பது அதன் கருத்து.

வாடிய பயிரைக் கண்டபோதும் வாடிய பெருமான் அவர். புகழ் வரும் என்று சொல்லியிருந்தால் அசைந்திருக்க மாட்டார். தமக்காக ஒருவர் பசித்திருக்கிறார் என்றதும் மறுக்க முடியவில்லை. இரத்தின முதலியாரோடு, புதுவை வேலு முதலியாரும் செல்வராய முதலியாரும் முன்னின்று உழைத்தனர். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்தார். 1867-இல் திருவருட்பா அச்சில் வெளிவந்தது. அதே ஆண்டு வைகாசியில் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. நூலும் சோறும் ஓராண்டில் வந்தன என்பதைத் தற்செயல் என்று சொல்வோர் சொல்லலாம். ஒரு பிடிச் சோற்றின் பொருட்டு வந்த நூல் அது என்பதை அறிந்தவர்க்கு அப்படித் தோன்றாது.

புதுச்சேரிப் பகுதியிலிருந்து தைப்பூசத்துக்கு வடலூர் செல்லும் குடும்பங்கள் பல. அருட்பாவை நமக்கு வாங்கித் தந்தவர்களில் ஒரு புதுவைக்காரரும் உண்டு என்பதை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வாசி இல்லாத காசு

உதவி செய்தால் பாட்டு வரும் என்று இதைச் சூத்திரமாக்கிக் கொள்ளக்கூடாது. அப்படி ஆக்கிக்கொண்டால் அது வியாபாரம். இதற்குத் திருவீழிமிழலையில் நடந்ததைச் சேக்கிழார் காட்டுகிறார்.

நாடெங்கும் பஞ்சம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அப்போது வீழிமிழலையில் தங்கியிருந்தனர். அடியார்கள் பசியால் வாடக்கூடாது என்று, இறைவன் நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு. இரண்டு திருமடங்களிலும் அதைக்கொண்டு சோறு ஆக்கிப் படைத்தனர்.

நாளடைவில் ஒரு வேறுபாடு தெரிந்தது. அப்பர் மடத்தில் உச்சிப்பொழுதுக்கு முன்பே பந்தி தொடங்கிவிடும். சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று சம்பந்தர் கேட்டார். சமைப்பவர்கள் தயங்கிச் சொன்னார்கள்: கடைத்தெருவில் அப்பர் காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள், நம் காசுக்கு வாசி கேட்கிறார்கள். வாசி என்பது காசின் மதிப்பில் வணிகர் பிடித்துக்கொள்ளும் கழிவு. அதைப் பேசித் தீர்த்துப் பண்டம் வாங்கி வருவதற்குள் பொழுது ஏறிவிடுகிறது.

காரணம் சம்பந்தருக்கு உடனே விளங்கியது. அப்பர் பாடுவதோடு நிற்பதில்லை. உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்குகிறவர். கையாலும் தொண்டு செய்கிறவரின் காசுக்குக் கழிவு இல்லை. சம்பந்தர் இதனால் வருந்தவோ நாணவோ இல்லை. பசித்துக் காத்திருக்கும் அடியார்களுக்கு நேரத்தோடு சோறு கிடைக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மறுநாள் இறைவன் திருமுன் சென்று, வாசி தீர்த்துத் தரும்படி ஒரு பதிகம் பாடினார். வாசியில்லாக் காசு வந்தது. பதிகமும் நமக்குக் கிடைத்தது. கடன் தீரவும் பொருள் முடை நீங்கவும் இன்றும் இல்லங்களில் ஓதுகிறோம். அது பிறர் பந்திக்காகப் பாடியது என்பதை ஓதும்போது எத்தனை பேர் நினைக்கிறோம்?

தன் பாட்டு வரவேண்டும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு செய்கிற உதவிக்கு வாசி உண்டு. கடைக்காரன் கண்டுபிடிப்பான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தம் வேலைக்கு அஞ்சி, அதைத் தொடாமல் இருப்பதற்காகவே ஊரார் வேலைகளுக்குள் ஓடி ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் விழாவா, சொந்தக்காரர் கல்யாணமா, எங்கும் முதல் ஆளாக நிற்பார்கள். வீட்டில் ஏடு தூசி படிந்து கிடக்கும். இவர்களை உதவி செய்கிறவர்கள் என்று சொல்வதா, தப்பி ஓடுகிறவர்கள் என்று சொல்வதா என்பது அவரவர் உள்ளத்துக்கே தெரியும். அப்பர் புல் செதுக்கினார், பதிகமும் பாடினார்.

சங்கீத உலகில் மூத்தோர் சொல்லும் ஒரு செய்தியையும் இங்கே கூறலாம். திருவாரூரில் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர் ஒருவர், மத்தள வித்வான் தம்பியப்பன். தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டார். குருவின் கோசாரம் சரியில்லை என்று அறிந்த தீட்சிதர், பிருகஸ்பதியின்மேல் ஒரு கீர்த்தனை இயற்றி மாணவருக்குக் கற்பித்துப் பாடச் சொன்னார். வலி நீங்கியது. அதைத் தொடர்ந்து மற்றக் கோள்களுக்கும் கீர்த்தனைகள் பிறந்தன என்பர். கிழமைக்குரிய ஏழு கோள்களின் கீர்த்தனைகள் தீட்சிதருடையவை என்பதில் ஐயமில்லை. ராகு, கேதுவின் கீர்த்தனைகளைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நவக்கிரக சந்நிதிகளில் இன்று ஒலிக்கும் இசைவரிசை, ஒரு மத்தளக்காரரின் வயிற்றுவலியில் தொடங்கியது என்பதே நாம் கருத வேண்டியது.

மண்ணும் செப்பேடும்

மீண்டும் வில்லியனூருக்கு வருவோம். இவ்வூரின் சுடுமண் கைவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இப்பகுதியைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மண்ணில் தாம் கண்ட வித்தையைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கற்பித்து வருபவர் என்பதும் அவருடைய பெருமை.

குயவர் வேலையைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அது தனியாளின் வேலையே அன்று. ஏரிமண் எடுத்து வர ஒருவர், கல்லும் வேரும் பொறுக்க ஒருவர், மிதித்துப் பிசைய ஒருவர், சக்கரத்தில் ஒருவர், நிழலில் உலர்த்தித் திருப்ப ஒருவர், சூளை அடுக்க எல்லாரும். கொலுப்பொம்மையோ ஐயனாரின் குதிரையோ, வடிக்கும் கை ஓய்ந்துபோனால் அந்த ஆள் சும்மா உட்காருவதில்லை. மண் பிசையப் போவார். அகல் விளக்குகளை வெயில் பார்த்து நகர்த்தி வைப்பார். கார்த்திகைக்கு முன் வேலைக்கா பஞ்சம்? கை வேறொருவர் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது, நேற்று அமையாத குதிரையின் கழுத்து எப்படி வளையவேண்டும் என்பது தானாகப் பிடிபடக்கூடும். பிடிபடாவிட்டாலும் அகல் உலர்ந்திருக்கும்.

எழுதுகிறவருக்கு இந்த வசதி குறைவு. தனியே உட்கார்ந்து, தன்னையே பார்த்து, தான் எழுதிய வரியைத் தானே எடை போட்டுக்கொண்டிருப்பவருக்கு, வரியைவிடத் தன்மேல்தான் கண் இருக்கும். நன்றாக வருமா, நாலு பேர் மெச்சுவார்களா என்ற எண்ணம் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். பிறர் பாட்டை முடித்துக் கொடுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. அங்கே புகழும் அவருடையது, பழியும் அவருடையது. நமக்கு இருப்பது வேலை மட்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்த ஊர்களில் உழுதவர்கள் விளைவித்த நெல்லால் பாகூரில் பாடம் நடந்தது. அங்கே கற்றவர்களின் பெயரும் நமக்கு வரவில்லை. நெல் விளைவித்தவர்களின் பெயரும் வரவில்லை. பாகூர் மூலநாதர் கோயிலின் அடித்தளத்தில் விரல் நீளத்துக்குள் நாட்டியச் சிற்பங்களைச் செதுக்கியவர்களின் பெயரும் அப்படியே. குனிந்து பார்த்தால்தான் கண்ணுக்குப் படும் அந்த வேலையை எவர் மெச்சுவார் என்று எண்ணிச் செய்திருப்பார்கள்?

கதவைத் தட்டிய இருவர்

சீர்காழியில் குடியேறிய அருணாசலக் கவிராயரிடம், பக்கத்துச் சட்டநாதபுரத்திலிருந்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இருவர் பாடம் கேட்க வந்தனர். இருவரும் இசை வல்லவர்கள். கம்பராமாயணத்தைக் கவிராயர் விரித்துச் சொல்லக் கேட்டு உருகினார்கள். கம்பனைக் கற்றவர் மட்டும் சுவைத்தால் போதுமா, கல்லாதவரும் பாடிக் கேட்கும்படி இராமகாதையைக் கீர்த்தனையாகச் செய்து தரவேண்டும் என்று வேண்டினர்.

சிதம்பரம் பிள்ளை கேட்டபோது மறுக்காதவர் இவர்கள் கேட்டபோதும் மறுக்கவில்லை. வயதோ அறுபதை ஒட்டிவிட்டது. அவர் சொல்லை அமைத்தார்; மாணவர் இருவரும் இராகமும் தாளமும் அமைத்தனர். ஒருவர் தனியே செய்திருக்கக் கூடிய வேலை அன்று அது. கடையில் உட்கார்ந்து படித்த கம்பன் முழுவதும் அங்கே பயன்பட்டான். பள்ளில் பழகிய கலகலப்பான பேச்சு நடையும் பயன்பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு. சூர்ப்பணகையும் குகனும் அனுமனும் கீர்த்தனைகளில் தெருவில் நம்மெதிரே நின்று பேசுவதுபோலப் பேசுகிறார்கள்.

நூல் முடிந்ததும் அரங்கேற்றத்துக்காகத் திருவரங்கம் சென்றார். கோயிலார் உடனே இசையவில்லை. அரங்கன் உத்தரவு வேண்டும் என்றனர். பயண அலுப்போடு வந்த முதியவர், பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாளை நோக்கி, இப்படிப் பள்ளிகொள்ள உமக்கு வந்த களைப்புத்தான் என்ன என்று இராமாவதாரத்தில் நடந்த நடையை எல்லாம் எண்ணிக் கேட்டுப் பாடினார். அன்றிரவு அரங்கன் கனவில் தோன்றினான் என்பது வரலாறு. நூலில் குறை ஒன்றும் சொல்லவில்லை. நம்மைப் பாடினீர், நம் பரிவாரங்களைப் பாடவில்லையே என்றானாம். சுமக்கும் கருடன், படுக்கையாகும் சேடன், ஏவிய பணி முடிக்கும் அனுமன் முதலியோரையும் பாடி வரச் சொன்னான்.

கவிராயர் அவர்களையும் பாடிச் சேர்த்தார். அரங்கேற்றம் நடந்தது. பின்னர்ச் சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அவரை வரவேற்றுப் பொன்னால் சிறப்புச் செய்தார். காலப்போக்கில் பல கீர்த்தனைகளின் பழைய மெட்டுகள் வழக்கிழந்தன. இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அவற்றில் பலவற்றுக்குப் புதிதாக மெட்டமைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். சீர்காழிப் பள்ளை முடித்துக் கொடுத்தவரின் பாட்டை முடித்துக் கொடுக்க, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் வந்தார்.